சாலம்மாளின் கைக்கட்டு

சாலம்மாள் கிழங்கு சீவ உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் உட்காரப் பெண்கள் தயங்குவார்கள். பகை ஒன்றும் கிடையாது. தங்கள் கூடையில் அடி மறைவதற்குள் அவள் கூடை தலைதட்டி நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற, நைனார்பாளையத்துப் பக்கம் இருந்த அந்தக் கிழங்கு மில்லில் அவள் முந்தின வருஷம் வரைக்கும் களத்தில் மாவு காயப்போடுகிறவளாக இருந்தாள். சாலைமறியல் நடந்த வருஷம் ஆடியில்தான் சீவல் கொட்டாய்க்கு வந்தாள். வந்த சூட்டோடு பழம் தின்று கொட்டை போட்டவர்களை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டாள்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லாரி லாரியாக இறங்கும். மலைக்கிழங்கு தொடை தண்டிக்கு இருக்கும், மண் அப்பியிருக்கும். இறக்கிய கிழங்கை மறுநாளுக்குள் சீவி அரவைக்கு அனுப்பாவிட்டால் உள்ளே கறுத்துப்போகும், மாவு விலைபோகாது. அதனால் கொட்டாயில் எப்போதும் அவசரம்தான். பெண்கள் தரையில் குந்தி உட்கார்ந்து, முதுகை வளைத்து, காலையில் குனிந்த தலையைச் சாயங்காலம் நிமிர்த்துவார்கள்.

கிழங்கைச் சீவும்போது தோலுக்கு அடியில் இருக்கிற பால் கத்திப்பிடியில் ஏறி வழவழவென்று ஆகிவிடும். கத்தி நழுவினால் விரல் போய்விடும். அதற்காக அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய சேலைக் கிழிசலை நனைத்து, கத்திப்பிடியையும் உள்ளங்கையையும் சேர்த்துச் சுற்றி, மணிக்கட்டில் இரண்டு சுற்றுப் போட்டு, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார்கள். அதற்குக் கைக்கட்டு என்று பேர். கட்டு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு கெட்டிக்காரி. தொளதொளவென்று கட்டியவளைப் பார்த்து, "இன்னாடி, கண்ணாலத்துக்குக் காப்பு கட்டிக்கினு வந்தியா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மணிக்கட்டு சிவக்கச் சிவக்கக் கட்டிக்கொண்டவர்கள் பலபேர்.

ஆவணி பாதியில் சாலம்மாளுக்கு வலதுகைக் கட்டைவிரல் மதமதவென்றது. பிறகு அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்துகொண்டன. விடியற்காலையில் கை தன்னுடையது இல்லாததுபோல் கிடக்கும். எழுந்து உதறினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து, கொஞ்சம் உயிர் வரும். கூடவே முதுகுத்தண்டில் இடுப்புக்கு மேலே ஒரு வலி, குனிந்தால் பிடித்துக்கொள்ளும், நிமிர்ந்தால் விடாது. விரல் மரத்துப்போனதால் கத்தி பிடி நழுவியது. கத்தி நழுவியதால் அவள் என்ன செய்தாள்? கட்டை இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கினாள். அந்தக் கொட்டாயில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நம் ஊரில் மருந்துக்குத்தான் பஞ்சம், வைத்தியம் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கூட வேலை செய்கிற ராணியம்மாள், "வாயு புடிச்சிருக்குது. கெழங்கு திங்கறத நிறுத்து" என்றாள். மாமியார் தைலம்மாள் சோகை என்று சொல்லி முருங்கைக்கீரையாகப் போட்டுக் கொன்றாள். யாரோ செய்வினை என்று கிளப்பிவிட, பூசாரி ஒருவர் மஞ்சள் கயிறு ஒன்றை மந்திரித்து, நோவு இறங்கட்டும் என்று அதே மணிக்கட்டில், அதே இடத்தில், நறுக்கென்று கட்டிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. ஒருநாள் காலை கஞ்சிப்பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது துணி விலகி, சூடான விளிம்பு அவள் விரலில் பட்டது. பட்டது அவளுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே பானையைக் கொண்டுபோய் வைத்தாள். விரல் நுனியில் கொப்புளம் எழும்புவதைப் பார்த்த தைலம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தொழுநோய் கொஞ்சநஞ்சமா இருந்தது? ஜீவா என்கிற தொழுநோய் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஊர் ஊராக வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார். உணர்ச்சி இல்லாத தேமல் அந்த நோய்க்கு அடையாளம் என்று சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். எங்கள் ஜனங்கள் தேமலை விட்டுவிட்டு, உணர்ச்சி இல்லை என்பதை மட்டும் மனதில் எழுதிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. சாலம்மாளுக்குப் பெருநோவு.

மறுநாள் மேஸ்திரி தங்கமணி கொட்டாய் வாசலிலேயே மறித்தான்.

"இது திங்கிற பொருளும்மா. நாளைக்கு வெளிய தெரிஞ்சா எவன் ஜவ்வரிசி வாங்குவான்? டாக்டரப் பாத்து ஒண்ணுமில்லன்னு ஆவட்டும், அப்பால வா."

உள்ளே இருந்த பெண்கள் ஒருவரும் தலைநிமிரவில்லை. அவளோடு ஒரே செம்பில் தண்ணீர் குடித்த ராணியம்மாள் செம்பை முதுகுக்குப் பின்னால் நகர்த்தியதை சாலம்மாள் பார்த்தாள். அதையும் தாங்கிக்கொண்டாள். வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு வந்தது, அதையும் தாங்கினாள். தாங்க முடியாதது ஒன்றுதான். ஐந்து வயது மகள் மணிமொழியைத் தைலம்மாள் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மாகிட்ட போவாத கண்ணு" என்றாள். அம்மாவின் கைமேல் தலைவைத்தால்தான் அந்தக் குழந்தைக்குத் தூக்கம் வரும். அது அழுதது, இவள் மாட்டுக்கொட்டாயில் கிடந்து அழுதாள். கை போனாலும் போகட்டும், பிள்ளையை அணைக்கவிடாத இந்தப் பேரை அழிக்காமல் விடக்கூடாது என்ற வைராக்கியம் அவளுக்கு வந்துவிட்டது.

கணவன் சுப்புராயன் நல்லவன்தான். ஆனால் அம்மா எதிரில் அவனுக்கு நாக்கு எழாது. அவனுக்கும் அந்தச் சமயம் தலைபோகிற வேலை. தங்கள் ஜனத்துக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலைமறியல் செய்வதாக வடமாவட்டங்கள் முழுக்க முடிவாகி, ஆண்கள் உளுந்தூர்பேட்டை ரோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வந்ததும் கள்ளக்குறிச்சி டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன் சாலா. அதுவரைக்கும் பொறுத்துக்க."

"நான் பொறுத்துக்குவேங்க. மணி பொறுத்துக்குமா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு ரோட்டுக்குக் கிளம்பினான். அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. விடிந்ததும் ஒண்டியாகப் புறப்பட்டு பஸ்ஸுக்கு வந்து நின்றாள். பஸ் எங்கே வரும்? சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மலையிலிருந்து லாரி இறங்கவில்லை. மில் சங்கு ஊதவில்லை. அவசரமான ஊருக்கு யாரோ கயிறு போட்டு இழுத்து நிறுத்தியதுபோல் எல்லாம் நின்றுபோனது.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஜென்மமா சாலம்மாள்? ஆண்கள் எல்லாம் ரோட்டில் கிடக்க, நாற்று முற்றி நடவுக்கு ஆள் இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் தவித்தார்கள். நாற்று நடுகிற கையில் பெருநோவு இருக்கிறதா என்று சேறு கேட்பதில்லை, நிலத்துக்காரனும் கேட்கவில்லை. வரப்பின் கடைசியில் தனியாக நின்று நட்டாள். நடவுக்குக் கட்டு எதற்கு? கிழிசலை அவிழ்த்து வீட்டுக் கூரையில் செருகியாகிவிட்டது. பூசாரி கயிறும் சேற்றில் ஊறி இற்று விழுந்தது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரத்தின் கடைசியில் ஒருநாள், நாற்றுமுடியைப் பிரிக்கும்போது உள்ளே சிக்கியிருந்த கருவேல முள் அவள் ஆள்காட்டிவிரலில் சுருக்கென்று ஏறியது.

"ஐயோ!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு சேற்றில் குதிக்க ஆரம்பித்தாள். "வலிக்குது! எம்மாடி, வலிக்குதுடி!"

மில் மூடிக்கிடந்ததால் நடவுக்கு வந்து, எட்டத்தில் நட்டுக்கொண்டிருந்த ராணியம்மாள் பாம்புதான் கடித்துவிட்டது என்று ஓடிவந்தாள். "இன்னாடி ஆச்சு?"

"ராணிக்கா, இந்த வெரலக் கிள்ளு. நல்லாக் கிள்ளு."

பெருநோவு என்று செம்பை நகர்த்தியவள் இப்போது அவள் விரலை எப்படித் தொடுவாள்? தயங்கினாள். சாலம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, தொட்டாள், கிள்ளினாள். உலகத்தில் கிள்ளு வாங்கி அப்படிச் சிரித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வரப்பில் உட்கார்ந்து யோசித்தாள். கை தேறிவிட்டது, கட்டைவிரல் நுனியில் மட்டும் மதமதப்பு பாக்கி. ஆனால் முதுகு தேறவில்லை, நடவில் குனிந்து குனிந்து வலி ஜாஸ்தியாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே நோவு என்றல்லவா ஊரே சொன்னது? ஒரே நோவாக இருந்தால் ஒன்று போய் ஒன்று எப்படி இருக்கும்? கொட்டாயில் இருந்து இங்கே இல்லாதது என்ன? கத்தி இல்லை, கட்டு இல்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கட்டின் தடம் கறுத்த வளையல்போல் இன்னும் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து மாமியாரிடம் சொன்னாள். தைலம்மாள் நம்பவில்லை.

"அந்த நோவு அப்பிடித்தான் வரும் போவும். ஒழுங்கு மருவாதியா டாக்டர் சொல்லட்டும், நான் புள்ளைய உடறேன்."

மறியல் முடிந்து சுப்புராயன் தொண்டை கட்டிப்போய், முழங்காலில் சிராய்ப்போடு வந்து சேர்ந்தான். மறியலில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனவர்களைப் பற்றித்தான் அந்த வாரம் எல்லா வீட்டிலும் பேச்சு. அவர்களில் யாரையும் இவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் தெரிந்தவர்களுக்கு அழுகிறதுபோல் அழுதார்கள்.

"உசுரக் குடுத்து இன்னாத்தக் கேட்டீங்க?" என்று தைலம்மாள் மகனைக் கேட்டாள்.

"நம்ம பங்கக் கேட்டம்மா. கேக்காம எவன் குடுப்பான்?"

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாலம்மாளுக்கு அன்றைக்கு அது வேறுமாதிரி காதில் விழுந்தது.

பஸ் ஓடத் தொடங்கியதும் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். டாக்டரம்மா கண்டிப்பான ஆள், ஆனால் கைராசிக்காரர். முதுகு, முகம், காது மடல் எல்லாம் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார். சுண்டுவிரல் மரத்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். மணிக்கட்டின் உள்பக்கம் விரலால் லேசாகத் தட்டினார். கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம்போல் ஓடி, சாலம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன வேலை செய்யறே?"

சாலம்மாள் முந்தானையைச் சுருட்டி, டாக்டரம்மாவின் பேனாவை வாங்கிக் கையில் வைத்து, சுற்றி, பல்லால் இழுத்துக் காட்டினாள். அதை அவிழ்த்துப் போட்டதும் கை தேறியதையும் சொன்னாள்.

"நீயே கண்டுபிடிச்சிட்டு வந்திருக்கியே" என்று டாக்டரம்மா சிரித்தார். "கைக்குப் போற நரம்பு மணிக்கட்டுல ஒரு இடுக்கு வழியாப் போவுதும்மா. அதுமேல நீ இறுக்கிக் கட்டினா அது என்ன செய்யும்? கை மரத்தா உடனே தொழுநோய்னு ஆயிடாது. சர்க்கரை இருந்தா மரக்கும், கழுத்தெலும்பு தேஞ்சா மரக்கும், உடம்புல சத்து கம்மியா இருந்தாலும் மரக்கும். உனக்குக் கட்டு. முதுகு வேற சமாசாரம். நாள் முழுக்கத் தரையில குந்தி வளைஞ்சு கிடந்தா முதுகு வலிக்காம மணக்குமா? கொஞ்சம் உசரமா உக்காரு, நடுநடுவுல எழுந்து நட." பிறகு சுப்புராயனைப் பார்த்துக் குரலை மாற்றினார். "தொழுநோயாவே இருந்தாலும் மாத்திரை சாப்பிட்டா சரியாப்போற நோய்தான். அதுக்காகப் பொண்டாட்டிய மாட்டுக்கொட்டாயில போடுவீங்களா?"

சுப்புராயனின் தலை அப்படியே தொங்கிப்போனது. பஸ்ஸில் வரும்போது, "வூட்டுக்குப் போனதும் நான் அம்மாகிட்ட சொல்றேன்" என்றான்.

"வூட்டுல சொன்னாப் பத்தாதுங்க. ஊரே பேர் வச்சுது, ஊருக்கு எதிர்லயே போவணும். நீங்க ரோட்டுல கேட்டீங்க, நான் கொட்டாயில கேக்கப் போறேன்."

இன்ஸ்பெக்டர் ஜீவா வழக்கமாக வருகிற நாளில் அவள் அவருடைய சைக்கிளை மறித்து விஷயத்தைச் சொல்லி, கொட்டாயில் எல்லார் எதிரிலும் தன் கையைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டாள். அவர் அப்படி ஒரு அழைப்பை அதுவரை கேட்டதில்லை. அவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். சந்தோஷமாக வந்தார். மாமியாரையும் மகளையும் கூடவே அழைத்துக்கொண்டு சாலம்மாள் மில்லுக்குப் போனாள்.

ஒரு வாரம் பிடுங்காமல் தேங்கிக்கிடந்த மலைக்கிழங்கு அத்தனையும் ஒரேயடியாக இறங்கி, கொட்டாயில் கூரைமுட்டக் குவிந்திருந்தது. தங்கமணி தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தான்.

சாலம்மாள் நடுவில் போய் நின்று கண்ணை மூடினாள். ஜீவா ஒரு கோழியிறகை எடுத்து அவள் கையில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை அவள் இடதுகை விரலால் காட்ட வேண்டும். காட்டினாள். உள்ளங்கை, சுண்டுவிரல், ஆள்காட்டி விரல், முழங்கை, ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு அவர் அவளுடைய தோலையும் நரம்பையும் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்குத் தொழுநோய் இல்லை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். தைலம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். சாலம்மாள் கண்ணைத் திறந்து பெண்களைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு மரத்தது இந்தக் கட்டாலதான். உங்க யாருக்கும் மரக்கலியா? நெசத்தச் சொல்லுங்க."

ஒருத்தி கையைச் சேலைக்குள் மறைத்தாள். அப்போது ராணியம்மாள் எழுந்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ரெண்டு வருசமா மரக்குது சாலா. வெளிய சொன்னா உன்ன மாரி எனக்கும் பேரு வச்சிடுவாங்கன்னு பயந்துக்கினு கெடந்தேன். அதான் செம்ப நகத்தினேன். உன் நோவுக்குப் பயப்படல, என் நோவு தெரிஞ்சிடப்போவுதேன்னு பயந்தேன்."

அவ்வளவுதான், கரை உடைந்துவிட்டது. எனக்கும் என்று ஒரு கை, எனக்குந்தான் என்று இன்னொரு கை. பாதிக் கொட்டாய் எழுந்து நின்றது. வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வலியை ஒருத்திக்கு ஒருத்தி ஒளித்துவைத்திருந்தார்கள். எனக்கு இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் இல்லை, அந்தப் பயத்தின்மேல்.

ஜீவா பொறுமையாக ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பெரும்பாலும் கட்டின் வேலைதான் என்று தெரிந்தது. சந்தேகமாக இருந்த சிலரை மட்டும் கள்ளக்குறிச்சிக்குப் போகச் சொன்னார். பிற்பாடு அதில் பாப்பாத்தி என்கிற கிழவிக்குச் சர்க்கரை என்றும், ராணியம்மாளுக்குக் கட்டோடு கழுத்தெலும்புத் தேய்மானமும் சேர்ந்திருக்கிறது என்றும் ஆனது. யாருக்கும் ஊர் பயந்த நோய் இல்லை.

"சரி சரி, எல்லாம் நல்லதாப் போச்சு. உக்காருங்க, கெழங்கு கறுத்துக்கினு போவுது" என்று தங்கமணி அவசரப்பட்டான்.

"உக்காரோம்" என்றாள் சாலம்மாள். "தரையில உக்காரோம். ஆளுக்கு ஒரு பலக வேணும், முட்டி உசரத்துக்கு. கத்திப்பிடிக்கு சைக்கிள் டியூப் மாட்டணும். அது வழுக்காது, கட்டே தேவப்படாது. மத்தியானம் ஒருவாட்டி எழுந்து நடக்க உடணும்."

"பலகயா? இதின்னா கல்யாண மண்டபமா?"

"கல்யாணம் ஒரு நாளைக்கிய்யா. நாங்க வருசம் பூரா உக்காரணும்."

பெண்கள் சிரித்தார்கள், ஆனால் ஒருத்திகூட உட்காரவில்லை. வாசலில் சுப்புராயனும் மறியலுக்குப் போய்வந்த நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். அவர்கள் பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கிழங்குக் குவியல் முதலாளியோடு பேசிக்கொண்டது. மத்தியானத்துக்குள் முதலாளி ஆள் அனுப்பி, மரக்கடையிலிருந்து பலகையும் செங்கலும், சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூபும் வண்டியில் வந்து இறங்கின. ராணியம்மாள் எல்லார் கட்டையும் அவிழ்க்கச் சொல்லி, கிழிசல்களை ஒன்றாகச் சுருட்டி ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பில் எறிந்தாள். பலகைமேல் உட்கார்ந்து சீவிப் பார்த்தபோது வேகம் குறையவில்லை. சாலம்மாள் கூடை வழக்கம்போல் முதலில் நிறைந்தது, மற்றவர்களுக்கு வழக்கம்போல் வயிறு எரிந்தது.

அந்த வருஷம் ரோட்டில் கேட்டதற்குப் பதில் வர இன்னும் காலம் பிடித்தது. கொட்டாயில் கேட்டதற்கு அன்றைக்கே கிடைத்தது. இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை, ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த மறியல் வருஷத்தைப் பேசும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் களத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தைலம்மாள் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, சாலம்மாளுக்குத் தன் கையாலேயே உருண்டை பிடித்துக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது, சோறுதான் வரும். சாலம்மாள் வாங்கித் தின்றாள். மணிமொழி யாரையும் கேட்காமல் அம்மாவிடம் போய், வலதுகையை இழுத்துத் தலைக்குக் கீழே போட்டுக்கொண்டு படுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான். குழந்தையின் பாரத்தில் சாலம்மாளுக்குக் கை கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.